சிறு பலகை, பெரும் பணி

இருப்புப்பாதையின் ஓரத்தில் மஞ்சள் நிறப் பலகைகள் பல நிற்கும். அவற்றுள் ஒன்றில் இந்தியில் ‘சீ/ஃபா’ என்றோ, ஆங்கிலத்தில் ‘டபிள்யூ/எல்’ என்றோ எழுதப்பட்டிருக்கும். ‘சீட்டி’ என்பது ஊதல். ‘ஃபாடக்’ என்பது வாயில். ‘முன்னே கடவுப்பாதை உள்ளது, ஊதல் ஒலி எழுப்புக’ என இப்பலகை ஓட்டுநருக்கு உரைக்கிறது. அகலப்பாதையில் இது கடவுப்பாதைக்கு 600 மீட்டர் முன்பே நடப்படுகிறது. பாதையைக் கடப்போரின் உயிரைக் காப்பது இதன் பணி.

மாதிரி இரயில்பாதை அமைப்போர் இப்பலகையையும் தம் கையாலேயே செய்வர். 1:87 என்னும் அளவில், 600 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை ஏறக்குறைய 7 மில்லிமீட்டராகும். தடித்த அட்டையைச் சதுரமாக வெட்டி மஞ்சள் வண்ணம் பூசுவர். உலர்ந்தபின் நுண்முனைப் பேனாவால் கறுப்பு எழுத்துகளைப் பொறிப்பர். தலை நீக்கிய குண்டூசியைக் கம்பமாக ஒட்டுவர்.

ஆயின், 600 மீட்டர் தொலைவு அதே அளவில் ஏறக்குறைய 7 மீட்டராகும். சிறிய அறை அதற்கு இடந்தராது. ஆகவே, தொலைவைச் சுருக்குவர், வரிசையை மாற்றார். முதலில் பலகை, பின்னரே கடவுப்பாதை. வரிசை பிறழ்ந்தால் பலகை பொருளிழக்கும் அன்றோ?

சிந்தித்து விடை எழுதுக:
1. பலகை கடவுப்பாதைக்கு நெடுந்தொலைவு முன்பே நடப்படுவது ஏன்?
2. மாதிரியில் எதனைச் சுருக்கலாம்? எதனை மாற்றலாகாது?