பல்துறை ஆனர்ஸ் படிப்பு: பெற்றோர் அறிய வேண்டியவை



உம்பாய், மெர்லிமாவ், ஜாசின், மலாக்கா பட்டணம் ஆகிய இடங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர் பிள்ளைகள் எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதி முடித்ததும், "பல்துறை ஆனர்ஸ் படிப்புக்கு மனுப் போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். தகப்பனாருக்கோ கலக்கம். டாக்டர் படிப்பு தெரியும், வக்கீல் படிப்பு தெரியும். சரித்திரமும் கணிதமும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் படிப்பது எந்த உத்தியோகத்துக்கு? "பலசரக்குக் கடை போலப் படித்தால் எதில் தேறுவாய்?" என்று மறிப்பவர் சிலர். பெயரின் பகட்டில் மயங்கி, கேள்வி கேளாமல் பணம் கட்டுபவர் சிலர். இரண்டும் தகாது. பிள்ளையின் நான்கு வருஷ ஆயுளும் நமது கைம்முதலும் இதில் அடங்கியிருப்பதால், விஷயத்தை வரிசையாக அறிந்துகொள்வோம்.

1. ஆனர்ஸ் என்பது யாது?

ஒரு துறையை ஆழமாகக் கற்று, பரீட்சையில் தேறி, பெரும்பாலும் கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதி முடித்தவருக்குத் தரப்படும் பட்டமே ஆனர்ஸ் பட்டம். நமது நாட்டுப் பட்டப் பத்திரத்தில் இதைக் 'கெபுஜியான்' என்று எழுதுவார்கள்.

பல்துறை ஆனர்ஸ் என்றால், ஆழமாகக் கற்கும் அந்த ஒரு துறையோடு, வேறு துறைகளையும் திட்டமிட்டுச் சேர்த்துக் கற்பது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது விளங்காத காரியமல்ல. ஃபிக்ஹுக் கிதாபைக் கையில் எடுக்குமுன் நஹ்வும் ஸர்ஃபும் ஓதுகிறோம், மன்திக்கும் படிக்கிறோம். அவை வேறு வேறு இல்ம்களே. ஆயினும் ஒன்றுக்கொன்று துணை.

2. இது புதிய வழக்கமா?

அல்ல. 1949-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே கலைப் பிரிவு மாணவர்கள் மூன்று பாடங்களை எடுத்துப் பட்டம் பெற்றார்கள். அதற்கு மேல் ஒரு வருஷம் ஒரே பாடத்தில் ஆழ்ந்து படித்தவர்களுக்கு ஆனர்ஸ் கிடைத்தது.

ஈப்போவில் வளர்ந்த வாங் குங்வூ என்பவர் அந்த முதல் வருஷ மாணவர்களுள் ஒருவர். ஆங்கில இலக்கியம், பொருளாதாரம், சரித்திரம் மூன்றையும் படித்துவிட்டு, பிறகு சரித்திரத்தில் ஆனர்ஸ் எடுத்தார். முற்காலத்தில் தென்சீனக் கடல் வழியாக நடந்த வியாபாரத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சி 1958-இல் வெளியாயிற்று. வியாபாரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவருக்குப் பொருளாதாரப் படிப்பு வீண்போயிருக்குமா? பின்னாளில் அவர் 1986 முதல் 1995 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். முதலில் அகலம், பிறகு ஆழம் என்ற முறைக்கு இது நல்ல அத்தாட்சி.

3. இன்றைய ஏற்பாடு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலைப் பீடத்தையும் விஞ்ஞானப் பீடத்தையும் இணைத்து ஒரு கல்லூரியை அமைத்து, 2021-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. நான்கு வருஷம், 160 அலகுகள். இதைப் பங்கு பிரித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எல்லோருக்கும் பொதுவான 13 பாடங்கள். இன்னொரு பங்கு பிரதான பாடம். மீதி மாணவன் விரும்பி எடுப்பது. பொதுப் பாடங்களில் எழுத்துப் பயிற்சி, புள்ளிவிவரங்களை ஆராயும் முறை, விஞ்ஞான விசாரணை, ஆசிய நாடுகளைப் பற்றிய படிப்பு, செயற்கை அறிவு முதலியவை உண்டு. விரும்பி எடுக்கும் பங்கைக் கொண்டே இரண்டாவது பிரதான பாடத்தையும் முடித்துக்கொள்ளலாம்.

அதே பல்கலைக்கழகத்தில் 2022-இல் தொடங்கிய 'என்.யு.எஸ். காலேஜ்' என்பது ஆனர்ஸ் கல்லூரி. மாணவன் ஏதேனும் ஒரு பீடத்தில் தன் பிரதான படிப்பைப் படித்துக்கொண்டே, இந்தக் கல்லூரியின் பல்துறைப் பாடங்களையும் கற்கிறான்.

4. ஒரு கல்லூரி மூடிய கதை

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தப்பட்ட யேல்-என்.யு.எஸ். கல்லூரி 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில், இனிப் புது மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. 2025-இல் கடைசி மாணவர்கள் பட்டம் பெற, கல்லூரியும் மூடிற்று. அதுவும் 2001 முதல் நடந்துவந்த மற்றொரு பல்துறைத் திட்டமும் சேர்ந்தே மேற்சொன்ன ஆனர்ஸ் கல்லூரியாயின.

ஆனால் படித்த பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கவில்லை. சேர்ந்தவர்கள் படித்து முடிக்க வழி செய்யப்பட்டது. பட்டத்தைத் தந்ததும் தாய்ப் பல்கலைக்கழகமே. ஆகவே பட்டத்தில் முத்திரையிடுவது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இத்தகைய தடுமாற்றம் நேர்ந்ததுண்டு. டில்லிப் பல்கலைக்கழகம் நான்கு வருஷப் படிப்பை 2013-இல் தொடங்கி, 2014-இலேயே கைவிட்டு, 2022-இல் வேறு உருவில் மறுபடி தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த திட்டப்படி, மூன்று வருஷத்தில் 120 அலகு முடித்தால் சாதாரணப் பட்டம். நான்கு வருஷத்தில் 160 முடித்தால் ஆனர்ஸ். எல்லா இடங்களிலும் ஒரே முறை நடப்பதில்லை. ஊருக்குப் பிள்ளையை அனுப்புவோர் அந்தந்தக் கல்லூரியிலேயே கேட்டறிய வேண்டும்.

5. கேட்க வேண்டிய கேள்விகள்

(அ) பிரதான பாடம் எது? அதற்கு எத்தனை அலகு? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அப்படிப்பை விட்டுவிடுங்கள்.

(ஆ) மற்றப் பாடங்கள் அதற்கு எவ்விதம் துணை? பிள்ளையே தன் வாயால் விளக்கட்டும். பொருளாதாரத்தோடு புள்ளிவிவரம் சேர்வதில் பொருத்தம் உண்டு. சுலபம் என்பதற்காகப் பொறுக்கிய பாடங்களில் பொருத்தம் இராது.

(இ) கடைசி வருஷத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை உண்டா? யார் மேற்பார்வை?

(ஈ) அங்கீகாரம் உண்டா? உள்நாட்டுப் படிப்பானால் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் பாருங்கள். டாக்டர், எஞ்சினியர், வக்கீல் ஆக விரும்புவோருக்கு அந்தந்தத் தொழிற்சபை ஏற்கும் பட்டமே வேண்டும். பல்துறைப் பட்டம் மட்டும் அதற்கு ஈடாகாது.

(உ) செலவு எவ்வளவு? பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டில் படிப்போருக்கே. சிங்கப்பூரில் அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியத்தைப் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்தபின் மூன்று வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுத வேண்டும். மகனோ மகளோ உடனே ஊர் திரும்பிக் கடையைப் பார்ப்பார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவும்.

பலசரக்குக் கடை என்று இகழ்ந்தோமே, அந்தக் கடையையே எண்ணிப் பாருங்கள். அரிசி வாங்க வந்தவரே பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போகிறார். அரிசி மூட்டை இல்லாத கடையில் மற்றச் சாமான் நிறைந்திருந்தும் வாடிக்கை நிற்காது. அரிசி மட்டும் வைத்திருப்பவரோ விலை இறங்கும் நாளில் தத்தளிக்கிறார். படிப்பும் அவ்விதமே. பிரதான பாடம் திடமாக இருந்து, துணைப் பாடங்கள் பொருத்தமாக அமைந்தால், ஒரு தொழில் சுருங்கும்போது மற்றொன்றுக்கு மாறும் திறமை பிள்ளைக்கு உண்டாகும்.

ஆதலால், "அது வேண்டாம்" என்றோ "உன் இஷ்டம்" என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாமல், மனுப் போடுமுன் ஓர் இரவு கடையடைத்த பின் பிள்ளையோடு உட்கார்ந்து, மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஐந்துக்கும் நேரான பதில் கிடைத்தால் தடை சொல்லாதீர்கள்.