பிள்ளை பேசாததற்குத் தாய் காரணமல்ல

தம்பதியரே,

பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் நீட்டி "அதோ காக்கா" என்று காட்டுவதில்லை. பொம்மை வண்டியைக் கொடுத்தால் ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே வீட்டில் என்ன பேச்சு கிளம்பும்? "கிரகணத்திலே வெளியே போயிருப்பா", "பிள்ளையைக் கொஞ்சினாத்தானே", "அவங்க வம்சமே அப்படி". பழியெல்லாம் மருமகள் தலையில்தான்.

இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். அதன்பின் பல வருஷம், தாய் அன்பு காட்டாததால்தான் இது வருகிறது என்று படித்த டாக்டர்களே சொல்லிவந்தார்கள். நம்ம ஊர்ப் பாட்டியை மட்டும் குறை சொல்வானேன்!

1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிள்ளைக்காவது ஆட்டிசம் இருந்தது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் 11 ஜோடி. தனித்தனிக் கருவாக வளர்ந்தவர்கள் 10 ஜோடி. முதல் வகையில் 4 ஜோடிகளில் இரண்டு பிள்ளைக்குமே ஆட்டிசம். அடுத்த வகையில் அப்படி ஒரு ஜோடிகூட இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் ஏன் வரவேண்டும்? பின்னால் நடந்த பெரிய ஆராய்ச்சிகளும் இதையே உறுதி செய்தன.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று இணைகிற விதம் சற்று மாறிவிடுகிறது. இதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. சில தாய்வழி வரும், சில தகப்பன்வழி வரும். சில மாற்றங்கள் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவே உண்டாகும். ஆகவே "உன் பக்கமா, என் பக்கமா" என்ற வழக்கு செல்லாது.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் அது ஆட்டிச வாய்ப்பைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்தால் அதுவும் ஆபத்து.

தட்டம்மை ஊசியால் வருவதும் இல்லை. அப்படிக் கிளப்பிவிட்ட 1998-ம் வருஷக் கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசியைத் தவறாமல் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனை காட்டாது. பிள்ளை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். குணப்படுத்தும் மருந்து இல்லை; சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பேச்சும் பழக்கமும் தேறும். வரும்போது இருவருமே வாருங்கள். பிள்ளை வீட்டில் எப்படி விளையாடுது, எப்படித் தூங்குது என்றெல்லாம் கேட்பார்கள். தாய் மறந்ததைத் தகப்பன் சொல்லலாம்.