கண்ணாடி மாற்றினேன், கழுத்து வலிக்கிறது

கேள்வி: எனக்கு வயது 48. கணக்குப் பிரிவில் நாள் முழுக்கக் கணினி வேலை. புரோகிரெசிவ் கண்ணாடி போட்டதிலிருந்து கழுத்து வலி. பவர் சரிதான் என்கிறார் கண் டாக்டர். எர்கோனாமிஸ்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

பதில்: பவர் சரியாகவே இருக்கலாம். வழக்கமான சோதனையில் 6 மீட்டர் தொலைவையும் புத்தகம் பிடிக்கும் 40 செ.மீ. தூரத்தையும் பார்ப்பார்கள். உங்கள் திரை இருப்பதோ ஏறக்குறைய 60 செ.மீ.யில். மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரெசிவ் லென்ஸில் அந்த இடைத்தூரத்துக்கான பகுதி குறுகலானது. நேர்ப்பார்வைக்குச் சற்றுக் கீழே இருப்பது. திரை உயரமாக இருந்தால் மோவாயைத் தூக்கினால்தான் எழுத்து தெளியும். மணிக்கணக்கில் அப்படி அண்ணாந்திருந்தால் கழுத்து என்னதான் செய்யும்?

வேலையிடத்தை உடலுக்கேற்ப அமைப்பதை முறையாகப் படித்த எர்கோனாமிஸ்ட் உங்கள் மேசைக்கே வந்து, நீங்கள் வேலை செய்வதைக் கவனிப்பார். திரையின் தூரம், உயரம், ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம், பில்களை வைக்கும் இடம் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். கண்ணைச் சோதிப்பது அவர் வேலையல்ல. ஆனால் அவர் தரும் அளவுகளை வைத்துக் கண் டாக்டர் அலுவலகத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தரலாம். நாற்காலி விற்பவர்களும் எர்கோனாமிஸ்ட் என்ற பெயரில் வருவதுண்டு. என்ன படித்தவர் என்று தயங்காமல் கேளுங்கள்.

அதுவரை திரையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதன் மேல்விளிம்பை லேசாகப் பின்னால் சாய்த்து வையுங்கள். கை மரத்துப்போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.