பொறியிடம் செல்லும் தூது

தமிழாசிரியர்க்கும் விளையாட்டுப் பொறிக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். விழா ஆண்டுக் கண்காட்சியின்பொருட்டு நம் மாணாக்கர் சிலர் விளையாட்டுப் பெட்டியொன்றைத் தம் கையாலேயே அமைக்க முற்பட்டனர். அதன் உறுப்புகளுக்குத் தமிழிற் பெயர் எழுதித் தருமாறு நம்மை அழைத்தனர். பெயரெழுதச் சென்ற நாம் பாடங் கற்றுத் திரும்பினோம். அப்பாடத்தையே ஈண்டு எழுதுகின்றோம்.

நாணயம் இட்டு ஆடும் மின்விளையாட்டுப் பெட்டி உலகெங்கும் பரவியது 1972ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொங்’ என்னும் ஆட்டத்தின் பின்னராகும். 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் ‘பக்மான்’ என ஜப்பானிய ஆட்டங்கள் தொடர்ந்தன. அப்பெட்டிகளின் உட்சுற்றைக் கணினியிற் போலச் செய்து காட்டும் ‘மேம்’ என்னும் மென்பொருளை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் வெளியிட்டார். அதன் பயனாக, பழைய கணினியும் பலகையும் ஆணியும் உள்ள எவரும் வீட்டிலேயே இத்தகைய பெட்டியை ஆக்கலாயிற்று. ஆயின் ஆட்ட நிரல்கள் உரிமையுடையார்க்கு உரியன. இசைவு பெற்றனவற்றையே ஏற்றுதல் முறை.

பெட்டியைத் தச்சன் செய்வான். திரையைக் கடையில் வாங்கலாம். அரிதாவது இடையில் நிற்கும் சிறு பலகையைத் தெரிதலே. ஆடுவோன் கோலைச் சாய்க்கின்றான், பொத்தானை அழுத்துகின்றான். கணினியோ கையை அறியாது. அதற்கு விளங்குவது எண் ஒன்றே. கையின் கருத்தை எண்ணாக்கிக் கணினியிடம் சேர்ப்பதை இடைமுகம் என்பர். நாம் அதனைத் தூது என்போம். திருக்குறளில் தூதுக்கெனத் தனி அதிகாரமே உண்டன்றோ? இத்தூதினிடத்தும் மூன்று இயல்புகளை வேண்டுகின்றோம். சொல்லாததைச் சொல்லலாகாது. சொன்னதை விடலாகாது. காலந் தாழ்த்தலாகாது.

கைக்கும் பொறிக்கும் இடைநின்ற இவ்விடரை நம் ஊரவர் ஒருவர் முன்னரே எதிர்கொண்டார். 1886இல் சுண்டுக்குளியிற் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்களே அவர். தமிழெழுத்து 247; தட்டச்சுப் பொறியின் சாவிகளோ சிலவே. அடித்தும் தாள் நகராத சாவியை அமைத்து, அக்குறியோடு அடுத்த எழுத்து ஒன்றாய் அமருமாறு செய்து, அவர் அவ்விடரைத் தீர்த்தார். அவர் வகுத்த சாவிப்பலகையைக் கொண்ட பொறிகளை ஜேர்மனியக் கம்பனியொன்று ஆக்கியது. எழுத்தைக் குறைக்காது பொறியைத் திருத்தினார் என்பதே நாம் கொள்ளற்பாலது. கை பொறிக்காக வளைதல் வேண்டா. இடைநின்றது கைக்காகத் திருந்துதல் வேண்டும்.

இனி நம் பெட்டிக்கு வருவோம். முதற்கண் எண்ணிக்கை. ஒரு கோலின் அடியில் நான்கு நுண்ணாளிகள் உள. மூலையிற் சாய்த்தால் இரண்டு ஒருங்கே மூடும். இருவர்க்குக் கோலாளி 8. ஆளுக்கு நான்கு பொத்தானாக 8. தொடக்கப் பொத்தான் 2. நாணயப் பொத்தான் 2. நாம் காசு வாங்கோமாயினும் ஆட்டம் நாணயக் குறியை எதிர்பார்க்கும். ஆகக் கூடியது 20. இத்தொகையை எழுதி வைத்துக்கொண்டே கடைக்குச் செல்லுக.

முதலாவது வழி, கழித்த சாவிப்பலகையைப் பிரித்து அதனுள் இருக்கும் சிறு பலகையைப் பயன்படுத்தல். செலவில்லை. ‘இருப்பதைக் கொண்டு செய்க’ என நாமே இதனைத் தூண்டினோம். பெட்டி நிறைவெய்தியது, இருவர் ஆட அமர்ந்தனர், சற்று நேரத்திற் பூசல் மூண்டது. தன் அடி பதியவில்லை என்றான் ஒருவன். ஆடத் தெரியாதவன் பொத்தானைக் குறை கூறுகின்றான் என்றான் மற்றவன். ஈயம் வைத்து ஒட்டிய மாணவனை அழைத்து, “தம்பி, கருத்தின்றி ஒட்டினாய்” எனக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது மும்முறை பிரித்து ஒட்டினான். மூன்றாம் முறையும் தீராதபோது தானே அமர்ந்து ஆடிப் பார்த்து, “சேர், அவன் கோலை விட்டவுடன் என் பொத்தான் வேலை செய்கின்றது” என்றான்.

பிழை அவன் கையிலன்று, நாம் தெரிந்த பலகையில் இருந்தது. காரணம் இது. நூற்றுக்கு மேற்பட்ட சாவிகட்குத் தனித்தனிக் கம்பி இழுத்தல் இயலாமையின், அவற்றை நிரை நிரலாகக் கட்டுவர். கணித ஆசிரியர் தாயம் என்பது இவ்வமைப்பையே. நிரையும் நிரலும் கூடுமிடத்தில் ஒரு சாவி. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள சாவிகளை ஒருங்கே அழுத்தினால், மின்னோட்டம் சுற்றிச் சென்று, எவரும் தொடாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதுபோலத் தோன்றும். இப்பொய்க்கு அஞ்சிப் பல பலகைகள் மூன்றாவது அழுத்தத்தையே மறைத்துவிடும். தட்டெழுதுவோன் மூன்றெழுத்தை ஒருங்கே அடியான். ஆதலின் அவனுக்குக் குறை தெரியாது. விளையாட்டிலோ, முதல்வன் கோலை மூலையிற் சாய்த்தமையால் இரண்டு. இரண்டாமவனின் பொத்தான் மூன்று. அவன் அடி மறைந்தது. ஒவ்வோர் ஆளிக்கும் ஓர் இருவாயி இணைத்து மின்னோட்டத்தை ஒருவழிப்படுத்தின் இது தீரும். வாங்கிய பலகையினுட் சென்று அவ்வாறு செய்தல் எளிதன்று. மேலும், யூ.எஸ்.பி. சாவிப்பலகை தன் எளிய முறையில் ஒரே வேளையில் ஆறு சாவிகளையே அறிவிக்கும். கொன்றோல், சிப்ற் முதலியன மட்டும் இக்கணக்கிற் சேரா. இருவரும் மூலையிற் சாய்த்து, இரண்டிரண்டு பொத்தான் அழுத்தின் எட்டாகும்.

இரண்டாவது வழி, ஆட்டக் கைப்பிடியாகத் தன்னை அறிவிக்கும் ஆயத்தப் பலகை. இதிற் பொத்தான் ஒவ்வொன்றிற்கும் தனி இடம் உண்டு, ஆகவே மறைப்பில்லை. கம்பிகளும் முனை பொருத்தியே வரும். ஈயம் வைத்தல் வேண்டா. தொடக்கஞ் செய்வார்க்கு நன்று. ஆயின் ஆளுக்கு ஒன்று வேண்டும். இரண்டும் ஒரே பெயருடையனவாதலின், கணினி மறுபடி தொடங்குங்கால் முதல்வன் இரண்டாமவனாக மாறுதலும் உண்டு. வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருக்கும்போது வரவு கூப்பிடும் ஆசிரியர் படும் பாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

மூன்றாவது வழி, நிரல் எழுதக்கூடிய பலகை. ‘ஆடுயீனோ லியனாடோ’ என்னும் வகை, தன்னைச் சாவிப்பலகையாகவோ கைப்பிடியாகவோ கணினிக்கு அறிவிக்க வல்லது. அதில் 20 முனைகள் உள. நம் தொகையும் 20. முனைக்கு ஓர் ஆளியாதலின் தாயம் வேண்டா. பொய்யும் மறைப்பும் இல்லை. இருவர்க்கு இரு கைப்பிடிகளாக ஒரு பலகையையே அறிவிக்கவும் நிரல் எழுதலாம். ஆளி மூடும்போது அதன் தகடு சில மில்லிசெக்கன் அதிரும். ஓரழுத்தம் பலவாகத் தோன்றாதிருக்க, நிரல் 5 மில்லிசெக்கன் அளவு பொறுத்தல் போதும். திரைப்படம் செக்கனுக்கு ஏறத்தாழ 60 முறை மாறுவதால், ஒரு படத்திற்கு 16.7 மில்லிசெக்கன் உண்டு. ஆகவே இப்பொறுமை ஆட்டத்தைக் கெடாது. குறை யாதெனின், நிரல் எழுதக் கற்றல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதனைக் குறை என்னலாமோ?

நம் மாணாக்கர் மூன்றாவதையே தெரிந்தனர். நுண்ணாளியில் மூன்று முனைகள் உள. பொது முனையையும், அழுத்தாதபோது திறந்திருக்கும் முனையையும் கொள்ளுக, மூன்றாவதை விடுக. ஆளிகள் அனைத்தின் பொது முனைகளையும் ஒரே கம்பியாற் கோத்துப் புவித் தொடுப்பிற் சேர்த்தல் நலம். ‘பக்மான்’ போன்ற ஆட்டம் நான்கு திசைக்கே உரியது. அதற்குக் கோலின் அடித்தட்டு மூலையைத் தடுக்குமாறு இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுக. நாளை பழுது பார்ப்பவன் இன்று கட்டியவனாக இரான்.

இப்பொழுது பெட்டியில் ஆடுவோர் தோற்றால் தோல்வி தமதே என ஒப்புகின்றனர். தூது மெய்யாயின் பூசல் ஒழியும். ஈயம் வைத்த மாணவனை அவன் தோழர் முன்னிலையில் அழைத்து, “பிழை நம்முடையது தம்பி” என்றோம். அவன் நாணிச் சிரித்தான்.

மாணாக்கன் அறிந்தான் அல்லன் என ஆசிரியர் எழுதும் புள்ளிக்கும் ஓர் இடைமுகம் உண்டு. வினாத்தாளும், எழுதும் நேரமும், நம் செவியும் அதன் உறுப்புகளாம். பதியாத விடையெல்லாம் கூறாத விடையன்று. கடியுமுன் தூதை ஆராய்தல் கடன் என்பதை, விழாக் கொண்டாடும் இக்காலத்தில், முதற்கண் நமக்கே கூறிக்கொள்கின்றோம்.