நடுக்குளத்தில் நின்ற படகு: பிழை தேடலும் ஓர் அறிவியல் பாடம்

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு முன்னாள் மாணவர் ஒருவர் ரிமோட்டில் ஓடும் வேகப் படகு ஒன்றைப் பரிசளித்தார். இரண்டடி நீளம், லித்தியம் பாலிமர் பேட்டரியில் இயங்கும் மோட்டார். பேட்டரியின் இணைப்பி மட்டும் உடைந்திருந்தது. புதிதாக ஒன்றை வாங்கி நானே பற்றவைத்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் ரிசீவரைப் பெட்டிக்குள் பொருத்தி, ஆண்டெனா கம்பியைச் சுருட்டி அடியில் ஒட்டினார்.

முதல் நாள் ஊர்க் கண்மாயில் படகு சீறிக்கொண்டு போனது. கரையிலிருந்து நாற்பதடி தாண்டியதும் மோட்டார் நின்றுவிட்டது. அதை எடுக்க அந்த மாணவர் தண்ணீரில் இறங்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் நின்றார். காற்று படகைக் கரை சேர்க்க அரை மணி நேரம் ஆனது. அன்றே ஒரு விதி வகுத்தோம்: படகு போனாலும் போகட்டும், யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அடுத்த முறை முதல் தூண்டில் நூலில் கட்டிய பந்தைக் கையோடு கொண்டுபோனோம். படகுக்கு அப்பால் அதை வீசி, மெல்ல இழுத்தால் படகும் வந்துவிடும்.

நான் செய்த தவறு

"தூரம் போனதும் நிற்கிறது என்றால் சிக்னல் கிடைக்கவில்லை. நீ ஆண்டெனாவைச் சுருட்டியதுதான் காரணம்" என்று அந்த மாணவரிடம் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். சொன்னதில் பாதி சரி. ரிமோட் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 12.5 செ.மீ. ஆண்டெனாவின் உறையில்லாத நுனி அதில் கால் பங்கு, ஏறத்தாழ 3 செ.மீ. இந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஆகவே அந்த நுனி சுருளாமல், நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஆண்டெனாவை உறிஞ்சுகுழல் ஒன்றில் செருகி நிமிர்த்தினேன். கூடவே பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்தேன். ரிமோட்டையும் ரிசீவரையும் மறுபடி இணை சேர்த்தேன். அன்று பயந்து பயந்து மெதுவாக ஓட்டினோம். படகு நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பினேன். அடுத்த வாரம் வேகமாக ஓட்டியபோது மீண்டும் நின்றது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியதால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த மாணவர் அதற்குள் மன்றத்துக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

குறிப்பேடு காட்டிய வழி

மன்றக் குறிப்பேட்டை எழுதிவந்த மாணவி இரண்டு வரிகளைக் காட்டினார். ஒன்று: "நின்ற ஒவ்வொரு முறையும் விசை முழுதாக அழுத்தப்பட்டிருந்தது." இரண்டு: "மோட்டார் நின்ற பிறகும் சுக்கானைத் திருப்பினால் படகின் மூக்கு திரும்பியது."

இரண்டாவது வரி முக்கியமானது. சிக்னல் அறுந்திருந்தால் சுக்கானும் நம் சொல் கேட்காது. சுக்கான் வேலை செய்து மோட்டார் மட்டும் நின்றால் ரேடியோ நலம்; கோளாறு மின்பாதையில் இருக்கிறது.

முதல் வரி இன்னொன்றைச் சொன்னது. கரையோரம் மெதுவாகவும், தொலைவில் வேகமாகவும் ஓட்டுவதே எங்கள் வழக்கம். தூரம், வேகம் ஆகிய இரண்டு மாறிகளும் எப்போதும் ஒன்றாகவே மாறின. நான் தூரத்தை மட்டும் பார்த்தேன். ஆகவே இரண்டையும் பிரித்து நான்கு ஓட்டங்கள் நடத்தினோம்:

1. அருகில், மெதுவாக: நிற்கவில்லை.
2. தொலைவில், மெதுவாக: நிற்கவில்லை.
3. அருகில், முழு வேகத்தில்: நின்றது.
4. தொலைவில், முழு வேகத்தில்: நின்றது.

தூரம் காரணமல்ல, வேகமே காரணம் என்று குழந்தைகளே சொன்னார்கள்.

காரணம் எங்கே?

முழு வேகத்தில் மோட்டார் பெருமளவு மின்னோட்டத்தை இழுக்கும். கரைக்கு வந்த படகைத் திறந்து, பேட்டரியைக் கழற்றப்போன எனக்கு இணைப்பி கையைச் சுட்டது. நான் பற்றவைத்த அதே இணைப்பி.

சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். மோட்டாரின் மின்னோட்டத்தை அதனால் அளக்கக் கூடாது. அதனால் மோட்டாரைத் துண்டித்துவிட்டு, பேட்டரியில் 12 வோல்ட், 35 வாட் பைக் முகப்பு பல்பு ஒன்றை இணைத்தோம். ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடியது. ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து மின்னழுத்த வேறுபாட்டை அளந்தோம். நல்ல இணைப்புகளில் சில மில்லிவோல்ட். என் இணைப்பில் 100 மில்லிவோல்ட். ஓம் விதிப்படி அதன் மின்தடை 0.05 ஓம்.

சிறிய எண்தானே என்று தோன்றும். மோட்டார் 40 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டு மாணவர்களைக் கணக்கிடச் சொன்னேன். இழப்பு 40 × 0.05 = 2 வோல்ட். வெப்பம் 40 × 40 × 0.05 = 80 வாட். 7.4 வோல்ட் பேட்டரியிலிருந்து 5.4 வோல்ட்தான் போய்ச்சேரும். படகின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி, பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்திவிடுகிறது. மின்னோட்டம் நின்றதும் மின்னழுத்தம் பழைய நிலைக்கு ஏறுகிறது. அதனால்தான் சுக்கான் தொடர்ந்து வேலை செய்தது.

என் 25 வாட் பற்றவைப்பானால் அந்தத் தடித்த கம்பியைப் போதிய அளவு சூடாக்க முடியவில்லை. ஈயம் மேலே படிந்ததே தவிர இழைகளுக்குள் இறங்கவில்லை. டிவி மெக்கானிக் கடையில் பெரிய பற்றவைப்பானால் மறுபடி பற்றவைத்த பின் படகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

படகு வைத்திருப்போர் கவனிக்க

• முழு வேகத்தில் சில நிமிடம் ஓடிய பிறகு நின்றால்: குளிர்விக்கும் நீர்க்குழாயைப் பாசி அடைத்திருக்கலாம். ஓடும்போது பக்கவாட்டுத் துளையில் நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள்.
• மோட்டார் முனகி, படகு மந்தமானால்: புரொப்பெல்லரில் கொடியோ நூலோ சுற்றியிருக்கலாம்.
• மோட்டார் சுழன்றும் படகு நகராவிட்டால்: தண்டை மோட்டாருடன் பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம்.
• ரிமோட்டை முதலில் போடுங்கள், கடைசியில் அணையுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படகை நீரில் விடாதீர்கள்.
• உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் செய்யும்போது ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

படகு இல்லாத வகுப்பறையில்

இந்தப் பாடத்துக்குப் படகு தேவையில்லை. தொடக்க வகுப்புகளில் எரியாத டார்ச் ஒன்றைக் கொடுங்கள்: ஒன்றில் செல் திரும்பியிருக்கட்டும், ஒன்றில் முனையில் காகிதத் துண்டு, ஒன்றில் பல்பு தளர்ந்திருக்கட்டும். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது" என்பதே விதி. உயர்நிலை வகுப்புகளில், துருப்பிடித்த இணைப்பு ஒன்றின் மின்னழுத்த இழப்பை அளக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. விடை தெரிந்த அன்று மாலை அந்த மாணவரின் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். எல்லார் முன்னிலையிலும் குற்றம் சொன்னேன் அல்லவா? எல்லார் முன்னிலையிலுமே, "தவறு என் பற்றவைப்பில் இருந்தது, சோதிக்காமல் உன்னைச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இணைப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை கண்மாய்க்கு எல்லாருக்கும் முன்பே வந்து நின்றிருந்தார்.