மணலுக்குள் ஒரு பசி

(மாணவி, இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

நட்சத்திர மீன் மீன் அன்று என்பதை நாம் முதலாண்டிலேயே படித்துவிட்டோம். அதற்கு முதுகெலும்பு இல்லை, துடுப்பு இல்லை, மூளை கூட இல்லை. முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்த அவ்வுயிரின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றாயிற்று. ஆனால் அது எதைத் தின்னும், எவ்வளவு தின்னும் என்று யாரேனும் கேட்டிருந்தால் எங்கள் வகுப்பில் ஒருவரும் விடை சொல்லியிருக்க மாட்டோம். அதை நான் கற்றுக்கொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் பாக் நீரிணைக் கரையில் உள்ளது. என் தந்தையார் கரைவலை இழுப்பவர். வலையைக் கரையேற்றி விற்கும் மீனைப் பிரித்தெடுத்த பின், மணலில் கிடக்கும் கழிவில் நட்சத்திர மீன்களும் கிடக்கும். சற்று நேரத்தில் வெயிலில் காய்ந்து விறைத்துப் போகும். சென்ற ஜூலை மாதம் எங்கள் துறை ஆய்வகத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்தபோது, அந்தக் கழிவிலிருந்து உயிருள்ள ஒன்றை வாளி நீரோடு எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டிலிருந்து கல்லூரிக்கு நான் கொண்டு வந்த முதல் பொருளும் அதுவே. அதனால் எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது ஆஸ்ட்ரோபெக்டன் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கைகளின் இரு ஓரங்களிலும் சீப்பின் பற்கள் போல முட்கள் வரிசையாக நிற்கும். பெயரின் பின்பாதிக்குப் பொருளும் சீப்பு என்பதே. பாறையில் ஒட்டி வாழும் நட்சத்திர மீன்களின் குழாய்க்கால் நுனியில் உறிஞ்சிகள் இருக்கும். இதற்கு அவை இல்லை. கால்கள் கூர்மையாக முடியும். அக்கால்களால் மணலை இரு பக்கமும் தள்ளித் தள்ளி, நின்ற இடத்திலேயே அமிழ்ந்துவிடும். சில நிமிடங்களில் மணல்மேல் ஐந்து முனையுள்ள மங்கலான கோலம் மட்டுமே மிஞ்சும். வகுப்புத் தோழியர் அந்தக் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே ஆய்வகத்துக்கு வருவார்கள்.

எங்கள் தொட்டி 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் கொண்டது. அடியில் நான்கு விரற்கடை ஆழத்துக்குக் கடல் மணல். உடன் இரண்டு துறவி நண்டுகளும் சில சிறு மீன்களும் இருந்தன. மீன்களுக்குத் தினமும் தீனி போட்டோம். நட்சத்திர மீனுக்குத் தனியாக எதுவும் போடவில்லை. மணலைச் சலித்து, அதில் விழும் அழுக்கைத் தின்று, தொட்டியைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் என்று எங்கோ கேட்டதை நம்பினேன். முதல் ஒரு மாதம் மணல் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதுவே எனக்குச் சான்றாகப் பட்டது.

அக்டோபரில் அது மணலுக்குள் புதைவது குறைந்தது. பகலிலேயே வெளியே கிடந்தது. கைகள் சப்பையாகி, நுனிகள் மேல்நோக்கி வளைந்தன. பிறகு ஒரு கையின் நுனி கரைந்தது போல் உதிர்ந்தது. நவம்பரில் இறந்துவிட்டது. குறிப்பேட்டில் இறப்புக்குக் காரணம் என்னும் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். எழுதும்போதே கை கூசியது.

முதலில் மழையின் மேல் சந்தேகம் கொண்டேன். வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடல்நீரின் உப்பு குறைந்துவிடும். முட்தோலிகளுக்குத் தம் உடல்நீரின் உப்பைத் தாமே சரிசெய்து கொள்ளும் ஆற்றல் இல்லையாதலால், திடீர் மாற்றம் அவற்றைக் கொன்றுவிடும். ஆனால் மழைக்கு முன்பே பிடித்து வைத்த நீரைத்தான் நாங்கள் மாற்றி வந்தோம். ஹைட்ரோமீட்டர் அளவும் 1.024, 1.025 என்றே குறிப்பேட்டில் இருந்தது. நண்டுகளும் நலமாகவே இருந்தன.

எங்கள் பேராசிரியர் அதை அறுத்துப் பார்க்கச் சொன்னார். ஒப்பிடுவதற்காக, அந்த வாரம் வலைக்கழிவில் இறந்து கிடந்த மற்றொன்றையும் எடுத்து வந்தேன். நட்சத்திர மீனின் ஒவ்வொரு கையிலும் செரிமானச் சுரப்பி ஓர் இணை உண்டு. உணவைச் சேமித்து வைப்பதும் அங்கேதான். கடலிலிருந்து வந்ததில் அவை பழுப்பு நிறத்தில் கைகளை நிறைத்துக்கொண்டிருந்தன. எங்கள் தொட்டியில் வாழ்ந்ததில் நூல் போன்ற இழைகளே இருந்தன. கடலிலிருந்து வந்ததன் இரைப்பையில் ஏழு சிறு மட்டிகளும் இரண்டு நத்தைகளும் முழுதாக இருந்தன. எங்களுடையதில் ஒன்றுமே இல்லை.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே, “ஏத்தா, வெறும் மண்ணைத் தின்னு எது பிழைக்கும்? நாலு மாசம் பட்டினி போட்டிருக்கியே” என்றார். நூலகத்தில் நான் தேடியிருக்க வேண்டிய விடை அதுதான்.

ஆஸ்ட்ரோபெக்டன் அழுக்குத் தின்னி அன்று; அது வேட்டையாடும் உயிர். வேறு சில நட்சத்திர மீன்கள் இரைப்பையை வாய்க்கு வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்திச் செரிக்கும். இது அப்படிச் செய்யாது. மணலுக்குள் வாழும் சிறு மட்டி, நத்தை, நண்டினச் சிற்றுயிர்கள் ஆகியவற்றை அப்படியே விழுங்கிவிடும். இதற்கு மலவாய் கிடையாது. சதையைச் செரித்த பின் வெற்று ஓட்டை வாய் வழியே வெளியே தள்ளும். கடலில் இன்று ஓரிடத்து இரை தீர்ந்தால் நாளை வேறிடம் போகலாம். எங்கள் தொட்டியின் தரையோ ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. மணலோடு வந்த சிற்றுயிர்களை முதற்சில வாரங்களிலேயே அது தின்று தீர்த்திருக்கும். மணலைக் கிளறிக் கழிவை உண்ணும் உயிர்களும் அவையே. ஆக, நான் துப்புரவு என்று மகிழ்ந்த வெண்மணல், உயிரற்றுப் போன மணல். அதன் பிறகு அது தன் சுரப்பியில் இருந்த சேமிப்பை உண்டு வாழ்ந்தது. இவ்வுயிர் மெல்லச் சாவதால்தான் பட்டினி நம் கண்ணில் படுவதில்லை. மீன் என்றால் பத்து நாளில் தெரிந்திருக்கும்.

டிசம்பரில் அப்பா இன்னொன்றைக் கொண்டு வந்து தந்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கலாகாது. இது எங்கள் ஊர்க் கரைவலைக் கழிவில் கிடைத்தது. வாளி நீரில் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கிய பின்னரே உள்ளே விட்டேன்.

இப்போது வாரத்துக்கு மூன்று முறை உணவு. மாலை மங்கும் வேளையில்தான் அது நடமாடும். ஆகவே அப்போதே கொடுக்கிறேன். இறால் அல்லது மட்டிச் சதையை நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி, இடுக்கியால் அதன் கைக்கு அடியில் மணலுக்குள் செருகிவிட வேண்டும். மணல்மேல் வைத்தால் துறவி நண்டு தூக்கிக்கொண்டு போய்விடும். (இரண்டு நாள் அப்படித்தான் ஏமாந்தேன்.) குழாய்க்கால்கள் துண்டை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வாய்க்குக் கொண்டுசெல்வதைக் கண்ணாடியோரம் அது இருக்கும்போது பார்க்கலாம். மறுநாள் காலை மிச்சம் கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அழுகினால் அம்மோனியா பெருகி எல்லா உயிரையும் கொல்லும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறோம். ஆவியாகிக் குறையும் நீருக்கு மட்டும் நல்ல தண்ணீரே ஊற்றவேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சதைத் துண்டை விட உயிருள்ள சிறு மட்டியே அதற்கு மிகவும் ஏற்றது. அம்மா சனிக்கிழமைதோறும் ஈரத்துணியில் கட்டித் தருவார். மட்டி தானே மணலில் புதையும். நட்சத்திர மீன் தானே தேடிக் கண்டுபிடிக்கும். இரண்டொரு நாளில் வெற்று ஓடுகள் மணல்மேல் கிடக்கும். அவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

டிசம்பரில் நடுத்தட்டிலிருந்து கைநுனி வரை 4.1 செ.மீ. இருந்தது. பிப்ரவரி இறுதியில் 4.3 செ.மீ. கைகள் தடித்திருக்கின்றன, தினமும் புதைகிறது. பழைய பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டுப் ‘பட்டினி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோடை விடுமுறைதான் இனிக் கவலை. உள்ளூரைச் சேர்ந்த முதலாண்டு மாணவியர் இருவர் பொறுப்பேற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இடுக்கி தொட்டியின் இடப்பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மட்டிச் சதை குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. அவர்களால் இயலாது என்றால் ஏப்ரலுக்குள் எனக்குச் சொல்லிவிட வேண்டும். வாளியில் எடுத்துப் போய், அது வந்த கரையிலேயே அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.