மருத்துவ மாணவர் கற்கத்தக்க ஓர் ஆய்வுரை

2012-இல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியபின், செட்டிநாட்டு இளைஞர்க்கு மருத்துவக் கல்வி அண்மையில் வாய்த்தது. 1823-இல் இலண்டனில் எழுந்த 'லான்செட்' முதலிய பத்திரிகைகளை அம்மாணவர் அறிவர். ஆயினும் அவரும் ஆசிரியரும் முதற்கண் ஒருங்கிருந்து படிக்கத்தக்கது, நம் தமிழகத்தில் விளைந்த ஆய்வுரை ஒன்றென்பது நம் கருத்து.

1956-இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார் எழுதிய அவ்வுரை, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. காசநோயாளர் சானடோரியத்தில் ஓய்ந்து கிடந்து ஊட்டமிக்க உணவு உண்டாலன்றி உய்யார் என அந்நாளில் பலரும் நம்பினர். படுக்கைகளோ மிகச் சில. ஏழைகள் யாது செய்வர்? நிலையத்தார் வறிய நோயாளர் 193 பேரைத் தம் விருப்பு வெறுப்பின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றவரைச் சானடோரியத்திலும் வைத்து, ஐசோநையசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு வழங்கினர். நெருக்கமான வீடு, குறைந்த உணவு, மிகுந்த உழைப்பு. இவற்றினிடையேயும், மருந்துக்கு அடங்கும் கிருமியுடையாருள் வீட்டிலிருந்தோர் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் தணிந்தது. சானடோரியத்தில் 92 பேருக்கு. வீட்டில் உடனுறைந்தார்க்கும் தொற்று மிகுந்திலது. இதனால் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பிற்று.

இம்முடிவைப் பாடநூல் இரண்டு வரியிற் கூறிவிடும். மூலத்தை விடுத்துப் பொழிப்புரையை மட்டும் ஓதும் தமிழ் மாணவரை நம் ஆசிரியர் விடுவாரல்லர். மருத்துவ மாணவர்க்கு மட்டும் விலக்குண்டோ? பிரிவு வகுத்தவாறு யாது? 86-க்கும் 92-க்கும் உள்ள வேற்றுமையைப் பெரிதென்பதா, சிறிதென்பதா? நோயாளர் மருந்தை உண்மையில் விழுங்கினரா என எவ்வாறு கண்டனர்? இவற்றை ஆசிரியர் வினவுக. மாணவர் அட்டவணைகளில் தேடி விடை காண்க. கட்டுரை நீண்டது, ஒரு மாலையில் முடியாது. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது.